கவிழ்க்காத ஹான்

லூபாவின் அப்பாவுக்கு,

சவனே எழுதிக்கொள்வது. நான், லூபா, அத்தை, மான்கள், நாய்கள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. நீங்கள் சொல்லி அனுப்பிய சேதி அப்படி!

நாலு நாளைக்கு முன் உங்களைப் பார்த்துவிட்டு நகரத்திலிருந்து வந்த செமியோன் பனி ஸ்கூட்டரை நிறுத்தக்கூட இல்லை, "அக்கா, உன் வீட்டுக்காரர் தன்னோட ஹானைக் கவிழ்த்துப் போடச் சொன்னாரு" என்று கத்தினான். ஒருவருடைய சறுக்குவண்டியை நாம் எங்கே கவிழ்ப்போம்? அவரை அடக்கம் செய்த இடத்தில்தானே! அத்தை மீன் சட்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, என் மகனே" என்று பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் அந்த மடையன், "அவரு நல்லா சூப் குடிச்சுக்கிட்டுதான் இருக்காரு, இடது பாதத்தைத்தான் எடுத்துட்டாங்க" என்கிறான். அழுகையை நிறுத்தி உங்களைத் திட்ட ஆரம்பித்த அத்தை இன்னும் ஓயவில்லை.

பாதம் போனதற்கு நான் அழுதேன். இல்லையென்று சொல்ல மாட்டேன். கூடாரத்துக்குப் பின்னால் போய் அழுதேன். ஆனால் "நகரத்திலேயே ஒரு அறை தருவாங்களாம், இருந்துக்கறேன்" என்றீர்களாமே, அதற்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர், "வண்டிதானே, வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றாராம். அவருக்கு ஹான் என்றால் வண்டி, அவ்வளவுதான். சாமிகளை ஏற்றிய ஹான் வேறு, படுக்கை ஏற்றுவது வேறு, நான் உங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய ஹான் வேறு என்று அவருக்கு யார் சொல்வது? உங்களுக்குமா தெரியாது? ஹானைக் கவிழ்த்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். நீங்கள் இருக்கிறீர்களே!

"பொம்பளை ஹான்ல மூட்டை மாதிரி ஏறி வர மாட்டேன்" என்றீர்களாம். வர வேண்டாம். உங்கள் ஹானிலேயே வாருங்கள். உங்கள் தம்பி பாபகோவும் நானும் அதில் சாய்மானம் வைத்திருக்கிறோம். இனி இடது காலை ஊன்றி இடது பக்கம் உட்கார முடியாதென்று கடிவாள வாரை வலது பக்கம் மாற்றிவிட்டோம். முன்னால் இழுக்கும் மான்தான் முரண்டு பிடித்தது. மூன்று நாளாக நானே ஓட்டிப் பழக்குகிறேன். இரண்டு தடவை குப்புற விழுந்தேன். பாபகோ, "அண்ணி, அண்ணன் பார்த்திருந்தா சிரிச்சே காலு முளைச்சிருக்கும்" என்கிறார். இப்போது மான் வலது கைக்குத் திரும்புகிறது, ஆனால் நின்றால் கிளம்ப மாட்டேன் என்கிறது.

இன்னும் பத்தே நாள். அதற்குள் மந்தையோடு வளைகுடாப் பனியைக் கடந்தாக வேண்டும். பனி உருகிவிட்டால் அடுத்த குளிர்காலம் வரை நீங்கள் எங்களை எட்ட முடியாது. வெள்ளிக்கிழமை செமியோன் அங்கிருந்து திரும்புகிறான். அவனிடம் உங்களுக்குப் புது உரோமச் சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். டாக்டர் சரி என்றால் கூடாரம் வரை அவன் ஸ்கூட்டரில் ஏறி வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு உங்கள் ஹான்தான். வெட்கமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள்.

வராவிட்டாலும் நான் கவிழ்க்கப் போவதில்லை. பாபகோ கேட்டாலும் கொடுக்க மாட்டேன். என் ஹானுக்குப் பின்னால் கட்டி வளைகுடா முழுக்கக் காலியாகவே இழுத்துப் போவேன். வழியில் பார்க்கிறவர்கள் யாருடையது என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரருடையது என்பேன். எங்கே அவர் என்று கேட்பார்கள். அதற்கு நான் என்ன சொல்லட்டும் என்பதை மட்டும் நீங்களே வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

நம் சாமிகள் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள்
சவனே