மொட்டை மாடியில் இரண்டு படகு

14 ஜூன் 1998, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. கப்பல் வேலையை விட்டு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, இவருக்கு மறுபடியும் கடல் வேண்டுமாம். கொச்சியில் இரண்டு பழைய பாய்மரப் படகுகள் விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டுமே கெட்ச் வகை. முன்னால் பெரிய பாய்மரம், பின்னால் சின்னது. சாயங்காலம் என் கோலமாவு டப்பாவைக் காலி செய்து, மொட்டை மாடியில் இரண்டையும் அசல் அளவிலேயே வரைந்துவிட்டார். எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார். கோச்சடையில் வைகை மணலைத் தவிர வேறென்ன பார்த்தேன் நான்?

இருந்தாலும் கோடுகளுக்குள் நடந்து பார்த்தேன். பெரியதன் பின்பக்கம் கைப்பிடிச் சுவரில் முட்டியது, ஆனால் அடுப்படி தாராளம். சின்னதில் நிமிர்ந்து நின்று ஒரு தோசை சுட முடியாது.

"எனக்குச் சின்னதுதான் பிடிச்சிருக்கு. பாயெல்லாம் கைக்கு அடக்கமா இருக்கு, ஒத்த ஆளே சமாளிக்கலாம்" என்றார்.

"அப்ப பெருசு?"

"அதுக்கு ரெண்டு ஆளு வேணும்."

சின்னதில் இரண்டு படுக்கை வரைந்திருந்தார். ஒன்றில் நான் படுத்துப் பார்த்தேன். தரை இன்னும் சுட்டது.

"அதுல தண்ணி கேனு வைக்கணும், செல்வி" என்றார், பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டே.

எழுந்து வந்து உலை வைத்தேன். சாப்பிட்டார், படுத்தார், குறட்டை விடுகிறார். என் சேலை முதுகில் இன்னும் கோலமாவு.

காலையில் கேட்டால் பெரியதையே வாங்குங்கள் என்று சொல்லப்போகிறேன். எனக்கு நீச்சல் தெரியாதுதான்.