தூரத்திலும் தெரியும் குளம்

உன் மவுஸ் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. சக்கரத்தை உருட்டினால் கிரீச்சென்கிறது. இன்று காலை அதை உருட்டி நம் மாவட்ட வரைபடத்தைச் சுருக்கினேன். தெருக்கள் மறைந்தன, ஓடைகள் மறைந்தன, நீ கடைசியாகக் கிடந்த நெய்யூர் ஆஸ்பத்திரியும் மறைந்தது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளம் மட்டும் நீலப் பொட்டாக நின்றது. அழுகை வந்துவிட்டது. அழுவதற்குக்கூட அலுப்பாக இருக்கிறது, தெரியுமா?

நாகர்கோவிலில் இந்த வரைபட வேலைக்கு நாம் வந்த புதிதில், கிட்டப் பார்வைக்கு ஒன்று, தூரப் பார்வைக்கு ஒன்று என்று ஒரே ஊருக்குத் தனித்தனிப் படங்கள் இருந்தன. ஒன்றைத் திருத்தினால் மற்றது பழையபடியே கிடக்கும். தூரப் படத்தில் சின்னக் குளங்களைப் பரப்பளவு பார்த்துக் கழித்துவிடுவோம். அந்தப் படத்தை நம்பிப் புதுச் சாலைக்குக் கோடு போட்டார்கள். கோடு உங்கள் குளத்தின் நடுவே போனது. "படத்துல தண்ணி இல்லையே மேடம்" என்றார் சாலை அளக்க வந்தவர். சண்டை போட்டுக் கோட்டை நகர்த்த வைத்தாய். அதோடும் விடவில்லை.

"ஏட்டி, எளவு, ஒரு குளத்த எதுக்கு ரெண்டு எடத்துல எழுதணும்? ஒருக்கா எழுது. எவ்வளவு தூரத்துக்குத் தெரியணும்னு அதுலயே சேத்து வை."

ஒவ்வொரு குளத்தின் பதிவிலும் பரப்போடு, அந்தக் குளத்தை நம்பியிருக்கும் வயல்களின் கணக்குக்கும் ஒரு கட்டம் சேர்த்தாய். வயல் அதிகமானால் சின்னக் குளமும் தூரத்தில் தெரியும். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியுமாகச் சாப்பிட்டபடியே ஊர் ஊராகப் போன் போடுவாய். "அண்ணாச்சி, உங்க குளத்துத் தண்ணி எந்த வயலுக்குப் போவுது?" "என்னட்டி, மாப்பிள்ளை விசாரிக்கியா?" என்று நான் கேலி செய்வேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த பிறகும், "தக்கலப் பக்கம் முடிஞ்சுதா?" என்றுதான் கேட்டாய். முடியவில்லை. இன்னும் முடியவில்லை.

மதியம் புது அதிகாரி வந்தார். படம் திறக்க நேரமாகிறதாம், அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டுமாம். எடுத்தால் உங்கள் குளம் மறுபடியும் காணாமல் போகும். எனக்கு வாதாடத் தெம்பில்லை. சண்டையெல்லாம் உன் பொறுப்பாக இருந்தது. "முடியாது சார்" என்றேன். "ஏம்மா?" என்றார். "அத நம்பி வயல் கெடக்கு சார்."

நாளைக்குப் பேசலாம் என்று போயிருக்கிறார். நாளைக்கும் இதையே சொல்ல வேண்டும், அதற்கு மறுநாளும். அலுத்துவிட்டதடி. ஆனாலும் சொல்வேன்.

போகும்போது அந்தக் கிரீச் சத்தத்தைக் கேட்டு, "புது மவுஸ் தரச் சொல்றேன்" என்றார். அதற்கும் முடியாது என்றுவிட்டேன்.