வாய் திறக்கக் கூடாத விளையாட்டு

ஆசை நாத்தனார் மருதாயிக்கு,

ஆசை என்று எழுதியதைப் பார்த்துச் சிரிக்காதே. செத்தவளுக்கு எழுதும்போது வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் நான் முதல் காம்பரா, நீ கடைசிக் காம்பரா. என் புருஷனைப் புதைத்த அன்றிலிருந்து நமக்குள் பேச்சு இல்லை. நீ சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறக்கவில்லை. லயமே கூடி நின்றது. என்னைக் கைகாட்டிக் கத்தினாய்: "எங்கண்ணன முழுங்கிட்டா! நெஞ்சு வலிக்குதுன்னவர மழையில தண்ணி ஓடுற கான் வெட்ட வெரட்டுனவ இவதான்!" அவர் வலி என்று என்னிடம் சொல்லவே இல்லை. சொன்னால் யார் நம்பினார்கள்?

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த என் பேத்தி சுதா உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வராவிட்டால், நீ என் வாசலை மிதித்திருப்பாயா? ஏதோ புது விளையாட்டாம். ஆளுக்கொரு வேஷம். வாயைத் திறக்கக் கூடாது, போனில் எழுதி எழுதித்தான் பேச வேண்டும்.

"பேசாம இருக்க உங்க ரெண்டு பேருக்கும் நான் சொல்லித் தரவா வேணும், அப்பாயி?" என்றாள்.

"ஒங்க அப்பாயிகிட்டயே கேளுடி, அவங்கதான் அதுல கெட்டிக்காரி" என்றாய். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாய்.

கலண்டர் தாளின் பின்புறம் தோட்டத்தை வரைந்து மேசையில் விரித்தாள். காயாக ஆளுக்கொரு ரப்பர் கொட்டை. விறகு பொறுக்கப் போய் மலையில் காணாமல் போன பார்வதி நீ. தேடுகிற ஆஸ்பத்திரி நர்ஸ், மிஸ்ஸி, நான். சுதா லொறி டிரைவர். "சரி, இனி யாரும் பேசக் கூடாது" என்றாள். கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் மட்டும்தான்.

'மிஸ்ஸி, கால் பிசகிருச்சு. எந்திரிக்க முடியல' என்று எழுதினாய்.

'பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?' என்று கேட்டேன்.

'ஒரு ஆம்பள நிக்கிறாரு. தலையில சாக்கு. கையில மம்பட்டி. ஒங்க வீட்டுக்காரரு மாதிரி இருக்காரு.'

நிமிர்ந்து பார்த்தேன். நீ போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுதாவின் விளையாட்டில் அப்படி ஓர் ஆளே கிடையாது. பிறகு யார் கூட்டி வந்தது அவரை? நானும் விடவில்லை. எழுத்தெழுத்தாய்த் தேடி எழுதினேன்: 'அவர யாரு கொன்னதுன்னு அவருகிட்டயே கேளு.'

நீ என்னவோ அமுக்கிக்கொண்டே இருந்தாய். பதில் வரவில்லை. நான் கோபத்தில் போனை அணைத்துப் பெட்டியில் போட்டேன். நீ எழுந்து மழையிலேயே போய்விட்டாய். மறுநாள் காலை, தெரணியகலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் த்ரீவீலரிலேயே உன் உயிர் போய்விட்டது. உனக்கும் அதே நெஞ்சு வலி.

உன்னை எடுத்த பிறகு போனைத் திறந்தேன். உடனே ஒரு மெசேஜ் வந்து விழுந்தது.

'கேட்டேன். வலிய ஒங்ககிட்ட மறைச்சிட்டாராம். என்கிட்ட மட்டுந்தான் சொன்னாராம், அண்ணி.'

விளையாட்டில் நான் உனக்கு மிஸ்ஸி. அண்ணி என்று எழுதியது பார்வதியா, நீயா? அவர் உன்னிடம் சொன்னது உண்மையென்றால், தெரிந்துகொண்டா என் தலையில் பழியைப் போட்டாய்? "எப்ப அனுப்புனாங்கன்னு பாக்கவா, அப்பாயி?" என்றாள் சுதா. வேண்டாம் என்று போனைப் பிடுங்கிக்கொண்டேன். நீ இருக்கும்போது அனுப்பியதா, போன பிறகு வந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

பழியை லயத்துக்கே கேட்கும்படி சொன்னாய். உண்மையை என் போனுக்குள் மட்டும் போட்டுவிட்டுப் போனால் ஆயிற்றா? அதனால்தான் இதைப் பேப்பருக்குக் கொடுக்கிறேன். அன்று கேட்டவர்கள் இதையும் படிக்கட்டும். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எழுத மாட்டேன்.

பொங்கலுக்குச் சுதா வருகிறாள். கலண்டர் தாளை மறுபடி விரிக்கச் சொல்லுவேன். உன் இடத்தில் யாரையும் உட்கார விடமாட்டேன். மலையேறி உன்னைத் தேடி, முதுகில் சுமந்தாவது கீழே இறக்குவேன். இது சத்தியம். ஆனால் இறங்கும் வழியெல்லாம் நீ என்னோடு வாய் திறந்து பேச வேண்டும்.

கோபம் ஆறாத,
உன் அண்ணன் பெண்சாதி,
உன் அண்ணி காமாட்சி.