அவசரமெல்லாம் இல்லம்மா

2024 நவம்பர் 11, திங்கள்

காலையிலிருந்து தூறல். அரைக்க வந்த கேழ்வரகெல்லாம் ஈரம். காயவைத்துக் கொண்டு வாருங்கள் என்றால் யார் கேட்கிறார்கள்? மாவு கல்லில் ஒட்டிக்கொண்டால் மட்டும் பழி மிஷின்காரன் மேல்.

ஆறு மணி அடித்ததும் தேவசேனா புடவை மாற்றிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாற்பத்தைந்து வயதில் ஸ்கூல் பை. வீட்டுக்கும் மாவு மிஷினுக்கும் நடுவில் ஒரு கதவுதான். இத்தனை வருஷமும் சாயங்காலக் கூட்டத்தை அவள்தான் பார்த்தாள். எந்த டப்பா எந்த வீட்டுடையது என்று அவளுக்குத்தான் தெரியும். இப்போது நான் மிளகாய்க்கு வந்தவளிடம் கோதுமை மாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

எங்கள் மகள் ரோஹிணி கல்யாணமாகித் திருப்பதிக்குப் போனபிறகுதான் இவளுக்கு இந்தப் பத்தாவது பாஸ் பண்ணும் ஆசை வந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்காக சித்தூரில் இருக்கும் ஒரு டிரஸ்ட் எங்கள் ஊர் நகரியில் சாயங்கால சென்டர் நடத்துகிறது. ஆறிலிருந்து எட்டு. மஞ்சு டீச்சர் புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து சொல்லிக்கொடுக்கிறார். மார்ச்சில் ஓபன் ஸ்கூல் பரீட்சை.

எட்டரைக்குத்தான் சோறு. பசி. இன்றைக்கு அவளை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வந்ததும் வராததுமாக, "யோவ், கடல் தண்ணில உப்பு எப்டி வந்துச்சு, தெரியுமா உனக்கு?" என்றாள். எனக்குத் தெரியாது. சொன்னாள். திட்ட வேண்டியது மறந்தே போய்விட்டது.

நவம்பர் 12

மழை. கரண்ட் இல்லை, அதனால் மிஷினும் இல்லை. அவள் மட்டும் குடையோடு சென்டருக்குப் போனாள்.

நவம்பர் 19, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் சமூகப் புத்தகத்தைப் புரட்டினேன். மலைக்கு இந்தப் பக்கம் மழை கொட்டுமாம், அந்தப் பக்கம் காய்ந்து கிடக்குமாம். அதற்கு மழைநிழல் என்று பேர். யார் வைத்தார்களோ, நல்ல பேர். படித்துக்கொண்டே நாலு பக்கம் போய்விட்டேன்.

சாயங்காலம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். பக்கம் பூராவும் வெள்ளையாக விரல் ரேகை.

"யார் படிச்சது?"

"எலியா இருக்கும்."

"எலி கண்ணாடி போட்டுக்கினு படிக்குதா?"

நான் மிஷின் பெல்ட்டைச் சரிசெய்யப் போய்விட்டேன்.

நவம்பர் 28, வியாழன்

திருப்பதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் ரக்ஷிதா. சொந்த ஊர் சந்திரகிரி. வாத்தியார் படிப்பு படிக்கிறாள். இந்த மாதிரி சென்டர்களால் உண்மையிலேயே பயன் உண்டா என்று பார்த்துச் சொல்லும்படி டிரஸ்ட்காரர்கள் அவள் காலேஜைக் கேட்டிருக்கிறார்களாம். வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள்.

"தெலுங்குலயே கேளும்மா, ஆந்திராலதானே கீறோம், எங்களுக்கு நல்லா வரும்" என்றேன்.

"வேணாம் அங்கிள். உங்க பாஷைல கேட்டாதான் மனசுல இருக்கறது வரும்னு எங்க சார் சொன்னாரு. ஹாஸ்டல் ரூம்மேட்கிட்ட ஆறு மாசமா தமிழ் கத்துக்கறேன்."

இப்படி ஒரு பிள்ளை கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? மிஷினை நிறுத்தினேன். கஷ்டம் ஏதாவது உண்டா என்றாள். சோறு லேட்டாவதிலிருந்து டப்பா மாறுவது வரை ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தேன். கடைசியாக, "இந்த சென்டர் உங்களுக்கு அவசரமா?" என்றாள்.

நல்ல கேள்வி. பெண்டாட்டியைச் சீக்கிரம் பாஸ் பண்ணு என்று நெருக்குகிற ஆள் இல்லை நான். "அவசரமெல்லாம் இல்லம்மா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நிஜமாவா அங்கிள்?"

"நிஜமாத்தான்."

எழுதிக்கொண்டாள். முகம் வாடினாற்போல இருந்தது. தெருத் தெருவாக நடந்த களைப்பாக இருக்கும். மோர் கொடுத்து, ஒரு கிலோ கேழ்வரகு மாவும் கட்டிக் கொடுத்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

சென்டருக்குப் போனவள் அரைமணியில் திரும்பிவிட்டாள். பையை ஆணியில் மாட்டினாள்.

"ஜனவரியோட நகரி சென்டர மூடறாங்களாம். மஞ்சு டீச்சர் சொன்னாங்க. வூட்டுக்காரங்கள கேட்டதுல முக்கால்வாசிப் பேர் வேணாம்னுட்டாங்களாம்."

அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீங்க இன்னா சொன்னீங்க அந்தப் பொண்ணுகிட்ட?"

நீங்க! கல்யாணமான மறுமாசத்திலிருந்து நான் அவளுக்கு 'நீ'தான். 'யோவ்'தான். இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னை 'நீங்க' என்று சொன்னது இரண்டு மூன்று தடவை இருக்கும். எல்லாமே பெரிய சண்டை.

"நான் அப்டிச் சொல்லல தேவசேனா."

"சோறு லேட்டாவுதுன்னு சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்பறம் இன்னா."

உள்ளே போய்விட்டாள். சென்டர் இல்லாவிட்டால் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பரீட்சைக் காகிதம் ஒவ்வொன்றுக்கும் சித்தூருக்கு அலைய வேண்டும். அவ்வளவு அலைந்து எழுத மாட்டாள். எனக்குத் தெரியும், இத்தோடு விட்டுவிடுவாள்.

டிசம்பர் 18

சாம்பார், ரசம், அப்பளம். ஏழரைக்கே தட்டு வந்துவிட்டது. வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 21, சனி

நான் சொல்லல. சொல்லவே இல்ல. சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டேன்றா. குத்தம் சொல்றவன்தான் நான், யார் இல்லன்னது? காபி ஆறிப்போனாலும் சொல்வேன், சூடா இருந்தாலும் சொல்வேன். அது என் வாயி. அதுக்காக இவ ஆசையில மண்ணைப் போடுவேனா? இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அது தெரியாதா?

சாயங்காலம் பழையபடி அவள்தான் மிஷினில் நின்றாள். யார் டப்பாவும் மாறவில்லை. நான் கேட்டதெல்லாம் இதுதானே? கிடைத்துவிட்டது. சகிக்கவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

அரைக்க வருகிறவர்களையே கேட்டுவிடுவது என்று இறங்கினேன். கன்னியம்மாளின் மருமகளும் சென்டரில்தான் படிக்கிறாள்.

"நீ இன்னா சொன்ன அந்தப் பொண்ணுகிட்ட?"

"அவசரம் இல்லன்னேன். மருமவளுக்கு வயசா ஆயிடுச்சு? மெல்லப் படிக்கட்டுமே."

பச்சையப்பன், தன் தம்பி பெண்டாட்டி படிக்கிற வகையில் பதில் சொன்னவன். அவனும் அவசரம் இல்லை என்றுதான் சொன்னானாம்.

"வேணாம்னு சொல்லலியே?"

"அட, நான் ஏன் சொல்றேன்? அது படிச்சிட்டு வந்துதான் என் பையனுக்கே கணக்கு சொல்லிக் குடுக்குது."

வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள். அப்படியானால் வேண்டாம் என்று சொன்னது யார்?

டிசம்பர் 26, வியாழன்

மதியம் நாகபூஷணம் மிளகாய் அரைக்க வந்தார். பக்கத்துத் தெருக்காரர். அவரிடம் எப்போதும் தெலுங்குதான். அரைத்து முடித்துப் பையை எடுத்தேன். "சஞ்சி அவசரம் லேது, டப்பா உந்தி" என்றார். பை தேவையில்லை, டப்பா இருக்கிறது என்கிறார்.

சரி என்று பையைக் கீழே வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அவசரம் லேது. தேவையில்லை.

பிறந்ததிலிருந்து இரண்டையும் பேசுகிறேன். தெலுங்கில் பேசும்போது அவசரம் என்றால் தேவை. தமிழில் பேசும்போது அவசரம் என்றால் சீக்கிரம். யோசிக்கவே வேண்டாம், தானாக வரும். அந்தப் பெண் தெலுங்கிலேயே கேட்டிருந்தால் நகரியில் ஒருத்தர்கூடத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். பாவம், எங்கள் பாஷையில் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வார்த்தையை மட்டும் அவள் வீட்டிலிருந்து எடுத்து வந்துவிட்டாள். சென்டர் தேவையா என்று அவள் கேட்டிருக்கிறாள். ஊரே சேர்ந்து தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது. நானும்தான், பெருமையாக.

காசுகூட வாங்காமல் சமையல்கட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "கதை நல்லா கீது" என்றாள்.

அப்புறம் அடுப்பை அணைத்தாள்.

"என்னையும் கேட்டா" என்றாள். "சென்டர்ல வெச்சு எங்க எல்லாரையும் கேட்டா. மார்ச்சுலதானே பரீட்ச, அவசரம் இல்லன்னு நானே சொன்னேன்யா."

என்ன செய்வாள் பாவம்! சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. தோளைத் தொடப் போனேன், கையெல்லாம் மிளகாய்ப்பொடி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். "நீ சொல்லலன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். அது போதும் எனக்கு.

ரக்ஷிதாவுக்குப் போன் போட்டோம். தேவசேனா விளக்கிச் சொன்னாள். "அய்யய்யோ ஆண்டி" என்று அந்தப் பக்கம் மெதுவாகக் கேட்டது.

டிசம்பர் 30, திங்கள்

சித்தூர். டிரஸ்ட் ஆபீஸ். எங்களுக்கு முன்னாலேயே ரக்ஷிதா வந்து வாசலில் நின்றிருந்தாள். இரண்டு நாள் சாப்பிடாதவள் மாதிரி இருந்தாள்.

இதே டிரஸ்ட்டின் கார்வேட்டிநகரம் சென்டரில் அவள் தெலுங்கில் கேட்டாளாம். அங்கே எல்லாரும் தேவை என்றார்களாம். நகரிக்காரர்களுக்குப் படிப்பில் அக்கறை கிடையாது என்று ரிப்போர்ட்டில் ஒரு பாரா எழுதியிருக்கிறாளாம். சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை.

டிரஸ்ட் ஆபீஸில் பொறுப்பில் இருப்பவர் ஸ்ரீஹரி. ரிப்போர்ட் மேலே போய்விட்டது, இனிமேல் கஷ்டம் என்றார். ரக்ஷிதா எழுந்து நின்று, "தப்பு என்னுது சார். அவங்க வேண்டாம்னு சொல்லல. நான்தான் கேக்கத் தெரியாம கேட்டேன்" என்று தெலுங்கில் சொன்னாள். அவளுக்கு மார்க் போடுவதே இந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான். ஆனாலும் சொன்னாள். எனக்கு ரோஹிணி ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்து தேவசேனா, தெலுங்கிலேயே. குரலை உயர்த்தவில்லை. "ஒரு வார்த்தை தப்பானதுக்கு சென்டரையே மூடலாம்னா, அந்த வார்த்தைய சரியா இன்னொரு தடவ கேக்கலாம் இல்லியா சார்?"

அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் பொங்கலுக்குள் மறுபடி கேட்டு வாருங்கள் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணுக்குப் பூரி வாங்கிக் கொடுத்தேன். அழுத முகத்தோடேயே துன்னுச்சு. இன்னொரு செட் சொன்னேன், அதையும்.

2025 ஜனவரி 8, புதன்

ரக்ஷிதா மறுபடி மிஷினுக்கு வந்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு பாஷையிலும் கேட்கிறாள். தேவசேனா பின்னால் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க படிக்கறதுனால வீட்ல என்ன மாற்றம் அங்கிள்?"

"முன்ன எது சொன்னாலும் சரிம்பா. இப்ப எதுக்குன்றா."

"அது நல்ல மாற்றமா, கெட்ட மாற்றமா? எந்தக் கட்டத்துல போடட்டும்?"

"ரெண்டுலயும் போடும்மா."

சிரித்தாள். அப்புறம் நிதானமாக, "இந்த சென்டர் உங்களுக்கு வேணுமா?"

ஒரு வார்த்தையில் முடிகிற பதில்தான். வாய் நிற்கவில்லை.

"வேணும்மா. பொண்ணு போனப்பறம் இந்த வூட்ல அரிசி, பருப்பு, கரண்ட் பில்லு, அத்த விட்டா வேற பேச்சே இல்ல. ரெண்டு பேரும் டிவியப் பாத்துக்கினு உக்காந்திருப்போம். இப்ப இவ அங்க போயிட்டு தினம் ஒண்ணு கொண்டாந்து சொல்றா. நானும் எட்டு மணி எப்ப ஆவும்னு பாத்துக்கினே இருக்கறேன். பசிக்காக இல்லம்மா."

சல்லடைச் சத்தம் நின்றிருந்தது. அதற்கெல்லாம் கட்டம் கிடையாதாம். ரக்ஷிதா ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டாள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. மிஷினைப் போட்டுவிட்டேன், தானியமே இல்லாமல்.

ஜனவரி 13, போகி

மஞ்சு டீச்சர் போன் செய்தார். சென்டர் மூடவில்லை. பொங்கல் வேலையாக இருந்த தேவசேனா, "யோவ், நின்னுக்கினே கீற, போய் வெல்லம் வாங்கிக்கினு வா" என்றாள். தேவைக்கு மேல் இரண்டு கிலோ வாங்கிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

புத்தூரில் முதல் பரீட்சை. கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் என்னைப் போல ஏழெட்டுப் புருஷன்மார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லாரும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தேவசேனா வெளியே வந்ததும் பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து நகரி வரை ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்காத பாதிக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

ஏப்ரல் 23, புதன்

பாஸ். சமூகம் 71. கணக்கு 36, அதுவும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று. ரோஹிணி போனில் கத்தியதில் என் காது அடைத்துப் போனது.

ரக்ஷிதாவும் பேசினாள். அவள் ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டார்களாம். நகரி சென்டர் "ஓரளவு பயனுள்ளது" என்று முடித்திருக்கிறார்களாம்.

ஓரளவாம்! தேவசேனாவிடம் சொன்னேன். "என் சமையல் நல்லா கீதான்னு கேட்டா நீ இன்னா சொல்வ? பரவால்லம்ப. அதான் இது" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஜூலை 7, திங்கள்

ஆறு மணிக்கு மிஷினை தேவசேனாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். சட்டையை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். தலையில் இருந்த மாவையும் தட்டிவிட்டாள்.

ஏழாவதோடு நின்றவனும் நேரே பத்தாவது எழுதலாம் என்று மஞ்சு டீச்சர் அடித்துச் சொல்லியிருந்தார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முன்னால் கன்னியம்மாளின் மருமகள் திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் ரிஜிஸ்டரைத் திறந்து பேர் வாசிக்க ஆரம்பித்தார். தெருவுக்கு நான் மிஷின்காரர், ரோஹிணிக்கு நைனா, வீட்டில் யோவ். வேறெப்படியும் யாரும் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

"எழிலரசன்."

யாரைக் கூப்பிடுகிறார் என்று நானும் சுற்றிப் பார்த்தேன்.

"எழிலரசன் வந்திருக்காரா?"

எழுந்து நின்றேன்.