சொம்பில் சாய்த்த போன்

வெள்ளி, இரவு.

இரண்டு வருடம் கழித்து துபாயிலிருந்து அவர் வந்து மூன்று நாளாகிறது. பத்து நாளில் திரும்பிவிடுவார். மகள் இன்னும் அவர் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. சொம்பில் சாய்த்து வைத்த போனில் அப்பா "ஆ காட்டு கண்ணு" என்றால்தான் சாப்பிட்டுப் பழகியவள். இன்றும் போன் இல்லாத சொம்பையே காட்டி அழுதாள்.

"பெத்தவன் பக்கத்துல உக்காந்திருக்கறான், இவளுக்குச் செல்போன்தான் அப்பனாட்ட இருக்குது" என்றார் அத்தை.

அவர் எழுந்து வாசலுக்குப் போய் அங்கிருந்து என் போனுக்கு வீடியோ காலில் கூப்பிட்டார். கிண்ணம் காலியானது. ஜன்னல் வழியாக அதே குரல் நேராகவும் கேட்டது. அவள் திரும்பவே இல்லை.

"அம்மணி, நான் உள்ள வரட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் ஜன்னலைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும். நானும் போனைப் பார்த்துத்தான் "வாங்க" என்றேன்.