ஐம்பத்து நான்கும் நாற்பத்தெட்டும்

அக்டோபர் 3

சமோவார் டீக்கடையில் இன்றும் ஹம்தமுக்கு அதே பேச்சு. 1994 சதுரங்க அணிப் போட்டி, கடைசிச் சுற்று, சமர்கந்து மருத்துவருடன் என் ஆட்டம். என்னிடம் யானையும் பிஷப்பும், அவரிடம் யானை மட்டும். டிரா கேட்டுக் கை நீட்டியது நான். அரைப் புள்ளியில் எங்கள் தாஷ்கந்து அணி இறுதிப் போட்டிக்குப் போகும் வாய்ப்பை இழந்தது. அணித் தலைவர் ஹம்தம். அண்ணன் என்று மரியாதையாக ‘அகா’ போட்டே குத்துவார்.

“பயந்துட்டீங்க, ஃபத்துல்லா அகா. டீ ஆறுது, குடிங்க. அதுக்கும் பயமா?”

பயமா, கணக்கா? இருபத்து நான்கு வருடமாக எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 5

மகள் விட்டுப்போன கணினியில் சில காய்களே மிஞ்சிய இறுதியாட்டங்களுக்கான தரவுத்தளம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அது யோசிப்பதே இல்லை! மேட் ஆன, அதாவது ராஜா மாட்டிக்கொண்ட நிலைகளை எல்லாம் முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு நகர்வாகப் பின்னோக்கி எண்ணி வந்திருக்கிறது. முப்பது வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்தேன், இது தோன்றவில்லையே.

அக்டோபர் 6

அன்றைய நகர்வுகளை எழுதிய பழைய தாளைத் தேடி எடுத்து, நான் கை நீட்டிய நிலையை அதில் வைத்தேன். வெற்றிதானாம். ஆனால் ஐம்பத்து நான்கு நகர்வில்.

ஐம்பது நகர்வுக்குள் எதுவும் வெட்டுப்படாவிட்டால் டிரா என்பது விதி. அப்படியானால் நான் செய்தது சரி. இரண்டு முறை சரிபார்த்தேன்.

அக்டோபர் 7

ஹம்தமிடம் சொன்னேன். முதல் தடவையாக, தின்ற இறைச்சிச் சம்சாவுக்கு அவரே காசு கொடுத்தார்.

அக்டோபர் 9

ஏன் மறுபடி பார்த்தேன்? பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இன்னொரு தரவுத்தளம் அதே நிலைக்கு நாற்பத்தெட்டு என்கிறது. ஒரே நிலைக்கு இரண்டு நீளமா? யார் பிழை? காலை முழுக்கக் குழம்பினேன். பிழை எதிலும் இல்லை. முதலாவது மேட் வரை அளக்கிறது. இரண்டாவது அடுத்த வெட்டு வரை. எதிராளியின் யானையை வெட்டியதும் ஐம்பதின் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். விதிக்கு வேண்டியது இரண்டாவது அளவு. நான் தப்பான கோலால் அளந்துவிட்டேன்.

அக்டோபர் 10

ஒரு நப்பாசை. கடைசி வெட்டுக்குப் பிறகு ஏற்கெனவே எத்தனை நகர்வு போயிருந்தது? மூன்று என்றால் நான் தப்பித்தேன்.

தாளில் எண்ணினேன். இரண்டு.

இரண்டும் நாற்பத்தெட்டும் ஐம்பது. ஐம்பதாவது நகர்வே வெட்டு. விதி குறுக்கே வராது. ஒரு நகர்வு வித்தியாசத்தில் அது வெற்றி.

அக்டோபர் 13

மூன்று நாளாகச் சமோவாருக்குப் போகவில்லை. மழை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மழை இல்லை.

அக்டோபர் 14

சொல்லிவிட்டேன். கணக்கு தப்பு, ஜெயித்திருக்கலாம், பயந்தது உண்மை என்று. கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்:

“நாப்பத்தெட்டு நகர்வும் தப்பில்லாம ஆட எந்த மனுசனால முடியும் அகா?”

“தெரியல. அதத்தான் பாக்கணும்.”

அக்டோபர் 15

பலகையில் அதே நிலையை அடுக்கினோம். மருத்துவர் இடத்தில் ஹம்தம். ஒவ்வொரு நகர்வையும் எழுதிக்கொண்டு ஆடினேன். ஒன்பதாவதிலேயே வெற்றி கைநழுவிவிட்டது என்று வீட்டுக்கு வந்தபின் கணினி சொன்னது. பலகை முன்னால் எனக்கு அது தெரியாது.

இருபத்து மூன்றாவதில் ஹம்தம் பலகைக்கு மேலே கை நீட்டினார்.

“டிராதானே அகா? டீ ஆறுது.”

“ஆடுங்க” என்றேன்.