கடைசி பெஞ்சில் இருந்த நாலு வருஷம்

நம் சபைக் கோயிலுக்குப் புதிய பெஞ்சு வந்திருக்கிறது. பலா மரம். இன்னும் மெருகு போடவில்லை. மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து வந்து அதில் உட்கார்ந்தேன். பலாவின் மஞ்சள் மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியதும், நீ மேலே நிற்கிறாய் என்று அண்ணாந்து பார்த்துவிட்டேன். மேலே கோயில் கூரைதான் இருந்தது.

இதை எழுதுகிறவன் நானேதான். சபை உபதேசியாரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். ரம்பம் பிடித்துப் பழகிய விரல்கள் பென்சிலை நெரித்துவிடுகின்றன. இரண்டு பென்சில் ஏற்கெனவே முறிந்துவிட்டது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் நம் பழைய கணக்கில் அரை அடி மரம் அறுத்துவிடலாம். ஆனாலும் இந்த வயதில் எழுத்துப் படித்துவிட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. சாலைக் கடைத்தெருவில் தமிழ்ப் பலகை எங்கே கண்டாலும் நின்று வாசிக்கிறேன். முந்தாநாள் ஒரு பாத்திரக் கடை முன்னால் நின்று ‘பித்தளை’ என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். கிழவனுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று கடைக்காரன் தண்ணீர் கொடுத்தான்.

இந்தச் சங்கதியை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்று முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. அதை எழுதாமல் இதை எழுத முடியாது.

பதினாலு வருஷம் ஒரே ரம்பத்தின் இரண்டு பிடியையும் நாம் பிடித்திருந்தோம். மரம் அடுக்கிய தடிக் கிட்டங்கியில், அறுப்புக் குழிக்கு மேலே நீ, குழிக்குள்ளே நான். கரிக்கோடு போட்ட மரத்தின் மேல் நின்று கோடு விலகாமல் பார்ப்பது உன் வேலை. கீழே இழுப்பது என் வேலை. என் கண்ணிலும் வாயிலும் தூள் விழும். புதிதில் நான் முரட்டுத்தனமாகப் பிடித்துக்கொண்டே இருப்பேன். நீ மேலே தூக்கும்போதும் கையைத் தளர்த்தமாட்டேன். ரம்பம் வளையும், கோடு கோணும். நீ ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. மேலேயிருந்து ஒரே பேச்சுத்தான் வரும்: “விடு மக்கா, நான் இழுக்கேன்.” நான் தளர்த்துவேன், நீ தூக்குவாய். பிறகு நான் இழுப்பேன், நீ தளர்த்துவாய். மரம் தானாகப் பிளந்துகொண்டு போகும்.

அதே பேச்சைத்தான் ரேஷன் கடை வரிசையிலும் சொன்னாய்.

யுத்த காலம். அரிசி கிடைக்காமல் ஊரே மரச்சீனிக் கிழங்கைத் தின்று கிடந்தது. மனிதர்களுக்கு முகத்தில் சிரிப்பில்லாமல் போன காலம் அது. ஒருத்தன் கால் இன்னொருத்தன் மேல் பட்டால் உடனே நீ எந்த ஊர், என்ன சாதி, உனக்கு இங்கே என்ன வேலை என்று பேச்சு கிளம்பும். அன்று காலையிலிருந்து நின்று கடைவாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். ஒருவன் குறுக்கே புகுந்து என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். “எடோ பாண்டீ, மாறி நில்லு” என்று, தமிழனை இளக்காரம் செய்கிற அந்தப் பேரைச் சொல்லி விரட்டினான். கையிலிருந்த முழக்கோலை ஓங்கிவிட்டேன். நீ பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய். “விடு மக்கா” என்றாய். நீ பிடித்திருந்த அந்த நேரத்தில் அவன் என் கன்னத்தில் அறைந்தான். வரிசை முழுவதும் சிரித்தது.

அடித்தவன் கூட்டத்துக்குள் போய்விட்டான். அவன் முகம்கூட இன்று எனக்கு நினைவில்லை. கையில் அகப்பட்டவன் நீதான். உன் பக்கம் திரும்பி, அத்தனை பேர் கேட்க, நான் சொன்னதை இதுவரை யாரிடமும் திரும்பச் சொன்னதில்லை. எழுதவும் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். “நீ இப்பிடி வரிசையில நின்னு நின்னுதாம்ல ஒம் மவளப் பறிகொடுத்த” என்றேன்.

காய்ச்சலில் கிடந்த ஏழு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நீ தர்ம ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது நானும் கூட நின்றேன். மூச்சு முட்டிக்கொண்டு வந்த ஒரு கர்ப்பிணிக்கு உன் இடத்தை விட்டுக்கொடுத்தாய். இரண்டு நாள் கழித்துப் பிள்ளை போனபோது, அந்தக் கொஞ்ச நேரத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னதை உன் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். அன்று ரேஷன் கடையில் உன் வீட்டுக்காரி அடுத்தாற்போல் பெண்கள் வரிசையில் நின்றாள். அவளும் கேட்டாள். நீ என் கையை விட்டாய். நான் வரிசையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நீ என் வீட்டு வாசலுக்கு வந்தாய். உள்ளே இருந்துகொண்டே, நான் இல்லை என்று சொல்லச் சொல்லி என் வீட்டுக்காரியிடம் சைகை காட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “சரி தங்கச்சி, இத வச்சிரு” என்று ஒரு துணிமூட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாய். தள்ளுமுள்ளில் கீழே விழுந்த என் ரேஷன் கார்டை எடுத்து, திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நின்று, எங்கள் அரிசியையும் வாங்கி வந்திருந்தாய். அந்த அரிசியைச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் உன்னைத் தேடி வரவில்லை. மறுநாள் கிட்டங்கிக்குப் போகாமல், வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். ஒற்றை ஆளாக ரம்பம் இழுக்க முடியாது. நீ பொன்முடி மலைக்கு, எஸ்டேட்டில் மரம் அறுக்கப் போனாய்.

நம் சபையின் வழக்கம் உனக்குத் தெரியும். அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு முந்தின நாள் உபதேசியார் வருவார், யாருக்காவது யாரோடாவது மனஸ்தாபம் உண்டா என்று கேட்பார். உண்டென்றால் அவன் மறுநாள் கடைசி பெஞ்சில் இருந்துகொள்ள வேண்டும், பந்திக்கு எழுந்து போகக்கூடாது. நாலு வருஷம் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். இதில் வெட்கப்பட வேண்டியது என்ன தெரியுமா? அதை நான் பெருமையாக நினைத்தேன். மனதில் கோபத்தை வைத்துக்கொண்டு அப்பத்தில் கை வைக்கிற பொய்க்காரன் நான் இல்லை, வேதம் சொன்னபடி நடக்கிறவன் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது நீ முன்னால் எழுந்து போவாய். போகும்போது ஒருதரம் திரும்பிப் பார்ப்பாய். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

போன மழைக்காலத்தில் எஸ்டேட் லாரிக்காரன் வந்து, மலைக்காய்ச்சலில் நீ போய்விட்டாய், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றான்.

அதற்கப்புறம்தான் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் போனேன். உபதேசியாரின் மருமகள்தான் டீச்சர். பேத்தி வயதுப் பெண். போன மாதம் வேதத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டி, விரலை வைத்துத் தனியே வாசிக்கச் சொன்னாள். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைத்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட வேண்டும் என்கிற இடம். எத்தனையோ தரம் காதால் கேட்டது. மேற்கொண்டு அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன். முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வா என்று இருந்தது. நின்றுவிட்டேன். “டீச்சரே, இதில போகணும்னு இருக்கே” என்றேன்.

“எப்பவும் அப்படித்தானே இருக்கு, பாட்டா” என்றாள்.

ஆம், எப்பவும் அப்படித்தான் இருந்தது. யாரும் அந்த இடத்தை விட்டுவிட்டு வாசிக்கவில்லை. காணிக்கையை வைத்துவிடு என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது, அதை மட்டும் வைத்துக்கொண்டேன். குறை எனக்கு உன்மேல் என்று நாலு வருஷம் காத்திருந்தேன். குறை உனக்கல்லவா என்மேல் இருந்திருக்க வேண்டும்? பொன்முடிக்கு பஸ் அபூர்வம் என்று சொல்லிக்கொள்வேன். நடந்தால் இரண்டு நாள். எனக்குக் கால் இருந்தது.

ஊர் இப்போது இன்னும் மோசம். தெருவில் கொடி, கூட்டம், கல். தமிழன், மலையாளி, அந்தச் சாதி, இந்தச் சபை. எல்லோரும் ஒரு கோபத்தை மடியில் கட்டிக்கொண்டு, அவிழ்த்துக் கொட்ட ஆள் தேடுகிறார்கள். போன வாரம் மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு இளவட்டம் என்னைப் பிடித்துத் தள்ளினான். உன் குரல் மேலேயிருந்து கேட்டது. கையைத் தளர்த்தினேன். அவன் முன்னால் போனான். நான் சாந்தமாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. வீடு வரையிலும் பல்லைக் கடித்துக்கொண்டேதான் வந்தேன். ஆனால் வீட்டில் யார்மேலும் அதைக் கொட்டவில்லை. இவ்வளவுதான் படித்திருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. நாளை திருவிருந்து. காலையில் உபதேசியார் வந்து வழக்கம்போலக் கேட்டார். மனஸ்தாபம் உண்டு, ஆனால் இந்தத் தரம் போய்ப் பார்க்கப் போகிறேன் என்றேன். யாரை என்று கேட்டார். உன் வீட்டுக்காரியை என்றேன். அவள் கிட்டங்கிக்குப் பின்னால் அந்தப் பழைய வீட்டில்தான் இருக்கிறாள். அந்தச் சொல் விழுந்தது உன்மேல் மட்டுமா? அந்தப் பிள்ளையைப் பெற்றவள் அவள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தான் வாயால் சொல்லத் தைரியமில்லாததை இங்கே எழுதி வைத்தேன், அவள் முன்னால் நின்று நானே வாசிக்கலாம் என்று. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டேன். பிள்ளையைப் பற்றிய இடத்தில் குரல் நிற்கிறது. அந்த இடத்தையும் விடாமல் வாசிப்பேன். அவள் உள்ளே இருந்துகொண்டே, இல்லை என்று சொல்லி அனுப்பலாம். நான் உனக்குச் செய்ததுதானே அது. திட்டினால் திட்டட்டும். இனி ரம்பத்தின் மேல்பிடி அவள் கையில் இருக்கிறது. அவள் இழுக்கட்டும், நான் கையைத் தளர்த்துவேன்.

பென்சிலைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.